பேஸ்மேக்கர் வைத்துக் கொண்டால் உயிர் பிரியாதா?



இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்றை இரண்டு மூன்று நாள் கைப்பையிலேயே வைத்துக் கொண்டு திரிந்தேன். கூலாய் பக்கமிருந்து ஒரு சகோதரி எழுதியது. அவருடைய தகப்பனாருக்கு 68 வயது. முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் சீவியவர். இப்போது மகள் வீட்டில் டவுனில் இருக்கிறார். இரண்டு முறை மயங்கி விழுந்தார். வெயில் என்று நினைத்தார்கள். மூன்றாம் முறை குளியலறையில் விழுந்து தலையில் தையல் போட வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரியில் பார்த்தால் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 34! பேஸ்மேக்கர் வைத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பெரியவர் ஒப்புக்கொள்ளவில்லை. கத்திக்குப் பயந்து அல்ல. "மெஷினை நெஞ்சுக்குள்ளே வைத்துவிட்டால் சாகிற காலத்தில் உயிர் பிரியாது. நினைவு தப்பின பிறகும் அது அடித்துக்கொண்டே கிடக்கும். உங்களுக்குப் பாரமாக இழுத்துக்கொண்டு கிடக்க மாட்டேன்" என்கிறாராம். மூத்த மகனும் அதையே சொல்கிறார். "டீச்சர், நீங்கள் எழுதினால் அப்பா வாசிப்பார்" என்று முடித்திருந்தார் அந்தச் சகோதரி.

நான் வைத்தியம் படித்தவள் அல்ல. ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழோடு தோட்டப் பள்ளியில் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லித் தருகிறவள். ஆகவே டாக்டர் சொல்வதை மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் பெரியவரின் கேள்விக்கு விளக்கம் சொல்ல முடியும். அவருக்குப் புரிகிற மாதிரியே சொல்லிப் பார்க்கிறேன்.

ஐயா, அந்தக் காலத்தில் விடியற்காலை இருட்டில் பெரட்டுக்கு மணி அடிப்பார்களே, நினைவிருக்கிறதா? நானும் சிறு வயதில் கேட்டிருக்கிறேன். மணி அடித்தால்தான் லயத்தில் விளக்கு எரியும். வாளியும் கத்தியும் எடுத்துக்கொண்டு ஆட்கள் கிளம்புவார்கள். நம் இருதயத்திலும் வலப்பக்க மேலறையில் அப்படி மணி அடிக்கிற ஒரு சின்ன முடிச்சு இருக்கிறது. நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை அது லேசான மின்சாரத் துடிப்பை அனுப்பும். அந்தச் செய்தி கீழறைகளுக்குப் போனதும் தசை சுருங்கி ரத்தத்தைத் தள்ளும். வயதாகும்போது சிலருக்கு மணியடிக்கிறவர் கண்ணயர்ந்து விடுகிறார். சிலருக்கு மணி சரியாக அடிக்கிறது, ஆனால் சத்தம் கடைசி லயத்துக்குப் போய்ச் சேரவில்லை. இரண்டிலும் துடிப்பு குறைந்து, மூளைக்கு ரத்தம் போதாமல் ஆள் சாய்ந்து விடுகிறார்.

பேஸ்மேக்கர் என்பது மணிக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்த ஒரு காவலாளி. துடிப்பு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். வந்தால் சும்மா இருக்கும். வரவில்லை என்றால் மட்டும் தான் ஒரு தட்டு தட்டும். அவ்வளவுதான் அதன் வேலை. தசையைப் பிடித்துப் பிசைந்து அதுவாக ரத்தம் இறைக்காது. மணி அடித்தாலும் லயத்தில் ஆளே இல்லையென்றால் பெரட்டுக்கு யார் வருவார்கள்? உடம்பு ஓய்ந்து, பிராணவாயு நின்று, இருதயத் தசை செத்துவிட்ட பிறகு அந்தக் கருவி எத்தனை தட்டு தட்டினாலும் தசை அசையாது. ஆஸ்பத்திரித் திரையில் மட்டும் கருவியின் கோடுகள் கொஞ்ச நேரம் தெரியக்கூடும். அதைப் பார்த்துவிட்டுத்தான் "உயிர் இருக்கிறது" என்று யாரோ ஊரெல்லாம் சொல்லியிருக்க வேண்டும்.

சாட்சி வேண்டுமா? உலகத்திலேயே முதன்முதலாக உடம்புக்குள் பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டவர் ஸ்வீடன் நாட்டு ஆர்னே லார்சன். 1958 அக்டோபர் 8ஆம் தேதி, அவருக்கு 43 வயது. ஒரே நாளில் இருபது முப்பது தடவை நினைவு தப்பி விழுந்துகொண்டிருந்த மனிதர். கருவி இன்னும் மனிதருக்கு வைக்கும் அளவுக்குத் தயாராகவில்லை என்று தயங்கியவர்களை விடாமல் நச்சரித்துச் சம்மதிக்க வைத்தவர் அவருடைய மனைவி. பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்ட் செய்து கொடுத்தார்; ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் அறுவை மருத்துவர் ஓகே சென்னிங் வைத்தார். ஷூ பாலீஷ் டப்பா அளவு இருந்த அந்த முதல் கருவி சில மணி நேரத்திலேயே நின்றுவிட்டது. உடனே கையிலிருந்த இன்னொன்றை வைத்தார்கள். அதற்குப் பிறகு வாழ்நாளில் இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, தனக்கு அதைச் செய்த பொறியாளரையும் வைத்த மருத்துவரையும் விட அதிக காலம் இருந்து, 2001ஆம் ஆண்டு டிசம்பரில் 86ஆம் வயதில் காலமானார். எதனால் தெரியுமா? தோல் புற்றுநோயால். அன்னை தெரேசாவுக்கும் 1989இல் கல்கத்தாவில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். அதற்குப் பிறகு எட்டு வருடம் ஏழைகளோடு இருந்துவிட்டு 1997 செப்டம்பரில் கண் மூடினார். கருவி யாருடைய போக்கையும் மறிக்கவில்லை.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். ஆபத்தான படபடப்பு வந்தால் உள்ளிருந்தே அதிர்ச்சி கொடுத்து நிறுத்துகிற வேறொரு கருவியும் இருக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத் தெரியும். கடைசிக் காலத்தில் அந்த அதிர்ச்சியை நிறுத்தி வைக்கச் சொல்லி டாக்டரிடம் கேட்கலாம். உங்களுக்கு வைப்பது எது என்று முதலிலேயே கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள்.

பேச்சு வந்துவிட்டது, இதையும் சொல்லி விடுகிறேன். நம்மவர்கள் எரிக்கிறவர்கள். பேஸ்மேக்கரை உடம்போடு எரித்தால் உள்ளே இருக்கும் பேட்டரி வெடிக்கும். 1976இல் இங்கிலாந்தில் சோலிஹல் என்ற ஊரில் மின்மயானத்தில் அப்படி வெடித்தது பதிவாகியிருக்கிறது. ஆகவே வீட்டில் இறந்தாலும் ஆஸ்பத்திரியில் இறந்தாலும், தகனத்துக்கு முன் கருவியை எடுக்க வேண்டும் என்று பிள்ளைகள் சொல்லிவிட வேண்டும். தோலுக்கடியில்தான் இருக்கிறது, எடுப்பது சிறிய வேலை. அழுகிற வீட்டில் யாருக்கும் இது நினைவுக்கு வராது. வீட்டில் ஒருவருக்காவது இப்போதே சொல்லி வையுங்கள்.

சாவைப் பற்றிப் போதும். இனி வாழ்கிறதைப் பார்ப்போம்.

கருவி 20, 30 கிராம்தான் இருக்கும். காறை எலும்புக்குக் கீழே, பெரும்பாலும் இடப்பக்கம், தோலை மரக்கச் செய்து ஒரு சிறு வெட்டு. மெல்லிய கம்பியை நரம்புக் குழாய் வழியாக இருதயத்துக்குள் இறக்குவார்கள். நெஞ்சைப் பிளக்கிற ஆபரேஷன் அல்ல. பலர் ஓரிரு நாளில் வீடு திரும்பி விடுகிறார்கள். பேட்டரி சுமார் 8 முதல் 12 வருடம் தாங்கும். அது திடீரென்று டார்ச் லைட் மாதிரி அணைந்து போகாது. சோதனைக்குப் போகும்போதே தேய்வது தெரிந்துவிடும். அப்போது பெட்டியை மட்டும் மாற்றுவார்கள். கம்பி சரியாக இருந்தால் அப்படியே இருக்கும். தவணை நாளில் போகாதவர்களுக்குத்தான் ஆபத்து. "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று தவணையைத் தள்ளிப் போடுவதில் நம் ஆண்பிள்ளைகளை மிஞ்ச ஆளில்லை!

முதல் நான்கு முதல் ஆறு வாரம்தான் கண்ணாயிருக்க வேண்டிய காலம். கம்பி இருதயச் சுவரில் பிடித்துக்கொள்ள அவ்வளவு நாள் ஆகும். அந்தப் பக்கக் கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. கனம் தூக்கக் கூடாது. பால் வாளி, எரிவாயுத் தோம்பு, பேரப்பிள்ளை எல்லாமே கனம்தான். அதற்காகக் கையைத் துணி சுற்றிக் கட்டிப்போட்டு விடவும் கூடாது, தோள் இறுகிவிடும். சட்டை போடுவது, சோறு சாப்பிடுவது, தலை சீவுவது போன்ற வேலைகளுக்கு மெதுவாகப் பழக்க வேண்டும். காரில் பெல்ட் உறுத்தினால் ஒரு துண்டை மடித்து இடையில் வைக்கலாம்; பெல்ட்டையே விட்டுவிடலாகாது. மோட்டார் சைக்கிளை டாக்டர் சரி சொன்ன பிறகுதான் தொட வேண்டும். வெட்டிய இடம் சிவந்தாலோ, வீங்கினாலோ, சீழ் கண்டாலோ, காய்ச்சல் அடித்தாலோ, மறுபடி மயக்கம் வந்தாலோ, விக்கல் நிற்காமல் வந்தாலோ தவணை நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். சர்க்கரை உள்ளவர்கள் இன்னும் கவனம். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசுகிற பாட்டி வைத்தியம் இந்தக் காயத்துக்கு வேண்டாம்.

அதன் பிறகு வேலைக்குப் போகலாமா? நம் பக்கத்தில் இதுதான் பெரிய கேள்வி. மரம் சீவுவதற்குப் பெரும்பாலும் தடை இருக்காது. ஆனால் உயரப் பட்டையில் கையை மேலே தூக்கிச் சீவுவதும், செம்பனையில் நீண்ட கம்பில் கட்டிய அரிவாளால் குலை தள்ளுவதும் தோளையும் கம்பியையும் வருத்தும். டாக்டரிடம் "வேலை செய்யலாமா?" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். என்ன வேலை என்று நடித்துக் காட்டியே கேளுங்கள். டவுனில் இருக்கிற டாக்டருக்குக் குலை வெட்டுவது எப்படி என்று தெரிய வேண்டிய அவசியமில்லை.

ஓடுகிற பெட்ரோல் எஞ்சினிலிருந்து கருவி இருக்கும் இடம் ஓரடியாவது தள்ளியிருக்க வேண்டும். புல்வெட்டும் மெஷின், மரம் அறுக்கும் ரம்பம், திறந்த காரின் எஞ்சின் எல்லாம் இதில் சேரும். புல்வெட்டும் மெஷினின் தோள்வாரும் அந்த இடத்தை அழுத்தக் கூடாது. வெல்டிங் வேலை செய்கிறவர் கட்டாயம் டாக்டரைக் கேட்க வேண்டும். காஹாங், கோத்தா திங்கி பக்கத்தில் யானைக்காக மின்வேலி போட்ட தோட்டங்கள் உண்டு. அதில் சாய்வதோ தொடுவதோ கூடாது. இடி மின்னலால் மற்றவர்களுக்கு உள்ள ஆபத்துத்தான் இவர்களுக்கும்.

வீட்டில் மிக்ஸி, சலவை இயந்திரம், தொலைக்காட்சி, மைக்ரோவேவ் எதற்கும் பயம் வேண்டாம். இண்டக்ஷன் அடுப்பிலிருந்து மட்டும் இரண்டடி தள்ளி நிற்க வேண்டும். கைத்தொலைபேசியைச் சட்டைப் பையில், கருவிக்கு மேலேயே வைத்துக்கொள்ளக் கூடாது. ஒரு சாண் தூரம் இருக்கட்டும், எதிர்ப்பக்கக் காதில் வைத்துப் பேசட்டும். "தொட்டால் ஷாக் அடிக்குமா?" என்று மருமகள்கள் கேட்கிறார்கள். அடிக்காது. பேரப்பிள்ளை மடியில் படுக்கலாம். காயம் ஆறிய பிறகு கணவன் மனைவி உறவுக்கும் தடையில்லை.

எனக்குக் கோபம் வருகிற விஷயம் ஒன்று உண்டு. காந்த மெத்தை, காந்த மாலை, காந்த வளையல் என்று வீடு வீடாக வந்து, இருதயத்துக்கு நல்லது என்று சொல்லி விற்கிறார்கள். காந்தம் அருகில் வந்தால் பேஸ்மேக்கர் தன் கவனிப்பை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ஒரே வேகத்தில் தட்ட ஆரம்பிக்கும். காந்தத்தை எடுத்தால் சரியாகிவிடும் என்றாலும், இரவு முழுவதும் அதன் மேல் படுக்கலாமா? வாங்கியவர்கள் பணம் போனதென்று விட்டுவிடுங்கள்.

சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவர்கள், செனாயில் விமானம் ஏறுகிறவர்கள் கருவியின் அடையாள அட்டையை ஐ.சி.யோடு வைத்திருக்க வேண்டும். சோதனை வாசலில் சாதாரணமாக நடந்து போகலாம். அங்கேயே நின்று பேசக் கூடாது. கைக்கருவியால் சோதிக்கிற அதிகாரியிடம் அட்டையைக் காட்டி, நெஞ்சின் மேல் அதைப் பிடித்து வைக்க வேண்டாம் என்று சொன்னால் போதும். பேரங்காடி வாசலில் இருக்கும் திருட்டுத் தடுப்புத் தூண்களிலும் சாய்ந்து நிற்கலாகாது. எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் முதலில் அட்டையைக் காட்டுங்கள். இப்போது வைக்கிற பல கருவிகளுக்கு ஏற்பாட்டோடு எடுக்க முடியும், பழையவற்றுக்கு முடியாமல் போகலாம். முதுகுவலிக்கு மின்சாரம் வைக்கிற கடைகளுக்கு டாக்டரைக் கேட்காமல் போக வேண்டாம்.

தைப்பூசம் வந்தால் காவடி கேள்வியும் வரும். தோளில் அழுத்துகிற காவடி கருவியின் மேல் தோலைத் தேய்க்கும். அலகு குத்துவதால் கிருமி ரத்தத்தில் ஏறினால் அது கம்பியில் போய்த் தங்கக்கூடும். அப்படித் தங்கினால் கருவியையே எடுக்க வேண்டி வரும். நன்றாக ஆறிய பின் டாக்டர் சம்மதித்தால் பால்குடம் எடுக்கலாம். முருகன் பால்குடத்துக்குக் குறை சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

பேஸ்மேக்கர் இருப்பதால் மாரடைப்பு வராது என்று நினைத்து மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. அது மணி அடிப்பதை மட்டும்தான் பார்த்துக்கொள்கிறது. அடைத்துக்கொண்ட ரத்தக்குழாயை அது திறக்காது, சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் குறைக்காது.

கடைசியாகப் பணம். கடிதம் எழுதிய சகோதரி இதைக் கேட்கவில்லை. கேட்கக் கூச்சமாக இருந்திருக்கலாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் வார்டுச் செலவு குறைவு. ஆனால் அரசாங்க ஊழியரோ ஓய்வூதியம் பெறுகிறவரோ அல்லாதவர்களுக்குக் கருவியின் விலையைக் கட்டச் சொல்லக்கூடும். அது சிறு தொகை அல்ல. அதைக் கேட்டவுடன் "வேண்டாம்" என்று எழுந்து வந்துவிடாதீர்கள். ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனையானாலும், கோலாலம்பூரில் 1992இல் தொடங்கிய ஐ.ஜே.என். ஆனாலும், மருத்துவச் சமூகநலப் பிரிவு எங்கே என்று கேட்டு நேரே அங்கே போங்கள். சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு விண்ணப்பிக்க அவர்கள் வழி சொல்வார்கள். சந்தா கட்டியவர்களுக்கு சொக்சோவில் என்ன கிடைக்கும், சேமநிதியிலிருந்து மருத்துவத்துக்கு எடுக்க முடியுமா என்றும் அங்கேயே விசாரிக்கலாம். போகும்போது நோயாளியின் ஐ.சி., டாக்டர் கொடுத்த கடிதம், வீட்டில் சம்பாதிக்கிற பிள்ளைகளின் சம்பளச் சீட்டு, மின்சார பில் எல்லாவற்றிலும் இரண்டு பிரதி எடுத்துக் கொள்ளுங்கள். மலாய் நன்றாகப் பேசத் தெரிந்த ஒரு பிள்ளையும் கூடவே போகட்டும்.