50 x 4 வாட்: காதில் பூ சுற்றும் கணக்கு

"கம்பெனி செட்டுல சத்தமே பத்தலை மச்சி, ஆம்ப் போடணும்." வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் பூஜை போட வரும் புதுக் கார் முதல், ஓரகடத்தில் ஷிஃப்ட் முடிந்து கிளம்பும் செகண்ட் ஹேண்ட் சான்ட்ரோ வரை எல்லா வண்டியிலும் இதே புலம்பல்தான். சம்பளம் வந்ததும் நேராக சென்னை ஜி.பி. ரோடு. திரும்பும்போது பர்ஸ் காலி.

ஆம்ப் வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அதைக் கடைசியாக வாங்குங்கள் என்கிறேன். முதலில் பெட்டியில் போட்டிருக்கும் வாட்டை நம்புவதை நிறுத்துங்கள்.

நான் காமர்ஸ்தான். ஆனால் இது வெறும் பெருக்கல் கணக்கு. இன்ஜின் ஓடும்போது கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். ஸ்பீக்கர் 4 ஓம். 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 52 வருகிறதா? "50 x 4" பிறந்த கதை இதுதான். ஆனால் முழு வோல்டேஜும் இடைவிடாமல் ஸ்பீக்கருக்குப் போனால்தான் இந்த 52. அப்போது கேட்பது பாட்டு இல்லை, கரகர சத்தம். ஏறி இறங்கும் சுத்தமான ஒலிக்கு அதில் பாதி, 26 வாட். செட்டுக்குள் வீணாவது போக, மிஞ்சுவது 20 வாட் பக்கம். இன்னும் சந்தேகமா? செட்டின் பின்னால் இருக்கும் ஃப்யூஸைப் பாருங்கள். 10 ஆம்பியர் என்றால் உள்ளே போவதே 144 வாட். வெளியே 200 எப்படி வரும்?

இன்னொரு விஷயம். வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய, கிட்டத்தட்ட பத்து மடங்கு வாட் வேண்டும். அதே 3 டெசிபலை, 87-க்குப் பதில் 90 டெசிபல் சென்சிடிவிட்டி உள்ள ஸ்பீக்கர் மாட்டினாலே வாங்கிவிடலாம். கதவு ஓட்டைகளை டேம்பிங் ஷீட் ஒட்டி அடைத்தால் பேஸ் இன்னும் கெட்டியாகும். 2 ஓம் ஸ்பீக்கர் மட்டும் வேண்டாம், 4 ஓமுக்குச் செய்த செட்டு சூடாகிவிடும்.

இதற்கு மேலும் ஆசை இருந்தால் ஹை லெவல் இன்புட் உள்ள சின்ன ஆம்ப் போதும். கம்பெனி வயரை வெட்டாமல் கப்ளர் போடச் சொல்லுங்கள். வெட்டினால் வாரண்டிக்கு வம்பு. பவர் வயர் நேராக பேட்டரியிலிருந்து வரட்டும். ஃப்யூஸ் பேட்டரி பக்கத்திலேயே இருக்கட்டும், தீ விபத்துக்கு அதுதான் காவல்.

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் வீட்டு ஆம்ப்களின் வாட் கணக்குக்கு 1974-லேயே விதி வந்துவிட்டது. கார் ஆம்ப்களுக்கு 2003-ல் சிஇஏ-2006 என்ற தரம் வந்தது: 14.4 வோல்ட், 4 ஓம், 1 சதவீத டிஸ்டார்ஷன் என்று அளக்கும் நிபந்தனையோடு. கட்டாயம் இல்லை, ஆனால் ஒரே அளவுகோல். நம் ஊரில் ஃபிரிட்ஜுக்கும் ஏசிக்கும் 2006 முதல் ஸ்டார் லேபிள் இருக்கிறது. ஸ்டீரியோ மட்டும் பழைய பிஎம்பிஓ காலத்திலேயே நிற்கிறது.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் லேபிளும் ரேப்பரும்கூட விளம்பரம்தான். அப்படியானால் "மேக்ஸ்" வாட்டைப் பெரிதாகவும் ஆர்எம்எஸ் வாட்டைப் பொடி எழுத்திலும் போடுவது என்ன நியாயம்? இரண்டையும் ஒரே அளவில் அச்சடிக்கக் கட்டாயப்படுத்த வேண்டும்.

அதுவரை கடையில் காசை எடுக்கும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: "அண்ணே, ஆர்எம்எஸ் எவ்வளவு?"