பனியில் காரை நிறுத்துவது எது?



கார் என்றால் எனக்குக் கொள்ளை ஆசை. புதிய செடான் ஒன்று வெளிவந்தால் அதன் படத்தையும் விவரத்தையும் தேடிப் படிக்காமல் இருக்க மாட்டேன். வாங்குவதற்கு அல்ல, ஆசிரியர் சம்பளத்தில் அது நடக்கிற காரியமா? தெரிந்துகொள்வதில் ஒரு மகிழ்ச்சி, அவ்வளவுதான். முன்னால் எஞ்சின், நடுவில் ஆள் அமரும் இடம், பின்னால் சாமான் பெட்டி என்று மூன்று கூறாக அமைந்த காரையே செடான் என்கிறோம். நம் சாலைகளில் நாள்தோறும் காண்கிற உருவம்தான். ஆனால் அதே கார் வெண்பனி கொட்டுகிற நாட்டில் என்ன பாடுபடுகிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

"நமக்கேது வெண்பனி?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். தோட்டத்துப் பிள்ளைகளும் படிக்கவும் பிழைக்கவும் கனடா, ஜப்பான், ஐரோப்பா என்று போகிற காலம் இது. கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் கார் வாங்க நினைப்பார்கள். அந்தக் காசை எதில் போட வேண்டும் என்று தெரிந்திருப்பது உயிரைக் காக்கும் காரியம். அதனால்தான் இந்த மாதம் இதை எழுதுகிறேன்.

மழை பெய்த மறுநாள் நம் தோட்டத்துச் செம்மண் மேட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு வழுக்கல் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. பனிக்கட்டி படிந்த சாலை அதைவிடப் பொல்லாதது. காய்ந்த சாலையில் கார் நிற்க எடுக்கும் தூரம், பனிக்கட்டியில் பத்து மடங்கு வரை நீளக்கூடும் என்று பிரிட்டனின் சாலை விதிநூல் எச்சரிக்கிறது. 30 மீட்டரில் நிற்க வேண்டிய கார் 300 மீட்டர் போய் நிற்கலாம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

கார் செய்பவர்கள் இதற்கு என்ன வழி கண்டார்கள்? முதல் வழி, எஞ்சினின் விசையை முன் சக்கரங்களுக்குக் கொடுப்பது. எஞ்சினின் பாரம் அந்தச் சக்கரங்களின் மேலேயே அழுத்துவதால் அவை எளிதில் வழுக்கிச் சுற்றுவதில்லை. ஸ்வீடன் நாட்டில் விமானம் செய்துவந்த சாப் நிறுவனம் 1949-ல் செய்யத் தொடங்கிய தன் முதல் காரையே இப்படித்தான் அமைத்தது. இன்று நம் சாலையில் ஓடும் சிறிய செடான்களில் பெரும்பாலானவையும் முன்சக்கர இயக்கம் கொண்டவையே.

இரண்டாவது வழி, நான்கு சக்கரங்களுக்கும் விசை கொடுப்பது. ஜப்பானின் வடகிழக்குப் பகுதியில் பனிக்காலம் கடுமையானது. அங்குள்ள மின்சார நிறுவனத்தின் ஊழியர்கள் ஜீப்பில் மலையேறிக் கம்பிகளைப் பார்த்துவர வேண்டும். ஜீப்பைவிட வசதியான, குளிர் தாங்கும் வண்டி வேண்டும் என்று அந்த நிறுவனம் கேட்டதிலிருந்து பிறந்ததுதான் சுபாருவின் நான்கு சக்கர இயக்கம். 1972-ல் அது லியோன் காரில் விற்பனைக்கு வந்தது. உழைக்கும் ஆட்களுக்காகப் பிறந்த வசதி பிறகு எல்லோருக்கும் வந்து சேர்ந்தது! 1980-ல் ஜெர்மனியின் ஆவுடி நிறுவனம் குவாட்ரோ என்ற காரைக் காட்டி உலகையே வியக்க வைத்தது.

இன்றைய புதிய செடான்களிலும் இந்த வசதி உண்டு. வட அமெரிக்காவில் விற்கும் 2025-ஆம் ஆண்டு மாடல் டொயோட்டா கேம்ரியில் பின்சக்கரங்களை ஓட்டுவதற்கென்றே தனி மின்மோட்டார் வைத்த வகை கிடைக்கிறது. டெஸ்லாவின் மின்கார்களில் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என இரண்டு மோட்டார் உள்ளவையும் இருக்கின்றன. ஆனால் செடானின் வயிறு தாழ்ந்தது; தரைக்கும் அதற்கும் இடையே ஒரு சாண்கூட இராது. ஆழமாகக் கொட்டிய பனியில் வயிறு தட்டிவிட்டால் எத்தனை மோட்டார் இருந்தும் பயனில்லை.

இப்போது முக்கியமான செய்திக்கு வருகிறேன். நான்கு சக்கர இயக்கம் காரைக் கிளப்பும்; மேட்டில் ஏற்றும். காரை நிறுத்துமா? நிறுத்தாது! எந்தக் காருக்கும் பிரேக் நான்கு சக்கரத்திலும் இருக்கிறது. ஆகவே நிறுத்துகிற வேலையில் விலையுயர்ந்த காரும் சாதாரணக் காரும் நம்பியிருப்பது டயரைத்தான். சாலையைத் தொடுவது அது ஒன்றே. 1986-ல் ஆவுடி கார் ஒன்று பின்லாந்தில் பனிச்சறுக்கு வீரர் தாவும் செங்குத்தான மேடையில் ஏறியதாக ஒரு விளம்பரப் படம் வந்தது. அதே மேடையில் 2005-ல் மீண்டும் ஒரு கார் ஏறியபோது அதன் டயர்களில் உலோக முட்கள் பதித்திருந்தார்கள். முள் இல்லாமல் அந்த ஏற்றம் ஏது?

சாதாரண டயரின் ரப்பர், வெப்பம் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும்போது இறுகத் தொடங்குகிறது. இறுகிய ரப்பருக்குச் சாலையைப் பற்றும் குணம் குறையும். குளிர்கால டயரின் கலவை வேறு. கடுங்குளிரிலும் இளக்கமாகவே இருக்கும். அதன் முகத்தில் நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்கள் உண்டு. அவை பனியைக் கவ்விப் பிடிக்கும். பின்லாந்தில் நோக்கியா என்ற ஊரில் 1934-லேயே குளிர்கால டயரைச் செய்துவிட்டார்கள். வாங்குகிறவர்கள் டயரின் பக்கவாட்டில் மூன்று முகடுள்ள மலையும் அதனுள் பனித்துகளும் வரைந்த முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். ஸ்வீடனிலும் ஜெர்மனியிலும் சாலை பனிக்காலத் தன்மையில் இருந்தால் அதற்கேற்ற டயர் இருந்தாக வேண்டும்.

அந்தக் கலவையில் என்ன இருக்கிறது தெரியுமா? மற்றப் பொருள்களோடு இயற்கை ரப்பரும் இருக்கிறது. ஏறத்தாழ மைனஸ் 70 டிகிரி வரை கண்ணாடிபோல் இறுகாத குணம் அதற்கு உண்டு. விடியுமுன் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மரம் மரமாகச் சென்று மங்கில் வடித்த பால்தான் அது! 1980-களில் உலகிலேயே மிகுதியாக இயற்கை ரப்பர் தந்த நாடு மலேசியா. இன்று பல காடுகள் செம்பனையாக மாறிவிட்டன. ஆனாலும் பால் வெட்டிய கைகளுக்கு ஒன்று சொல்வேன்: உங்கள் உழைப்பு எங்கோ ஒரு பனிச்சாலையில், முகம் தெரியாத ஒரு குழந்தையின் முன்னால் காரை நிறுத்தியிருக்கும். அந்தப் பெருமை உங்களுக்கு உரியது.

வெளிநாட்டிலுள்ள பிள்ளையுடன் பேசும்போது இவற்றையும் சொல்லி வையுங்கள்:

1. கையில் இருக்கும் பணம் அளவானதென்றால் சாதாரண முன்சக்கரச் செடானே போதும். மிச்சப் பணத்தில் நான்கு நல்ல குளிர்கால டயர் வாங்கட்டும். இரண்டு மட்டும் மாற்றுவது ஆபத்து. ஒரு முனை பற்றும், மறுமுனை வழுக்கும்.

2. புறப்படுமுன் கண்ணாடி, விளக்கு, கூரை எல்லாவற்றிலும் உள்ள பனியைத் துடைக்கட்டும். பனியில் சிக்கிய காரில் எஞ்சினை ஓடவிடுவதானால் புகைக்குழாய் அடைபட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அடைபட்டால் நச்சுப்புகை உள்ளே வந்து, தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

3. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். வளைவுக்குள் பிரேக்கை மிதிக்கக் கூடாது. பாலங்கள் சாலைக்கு முன்பே உறைந்துவிடும் என்பதை மறக்கலாகாது.

4. கார் வழுக்கினால் பதறாமல் காலை எடுத்துவிட்டு, போக வேண்டிய திசையைப் பார்த்து மெல்ல ஸ்டீரிங்கைத் திருப்ப வேண்டும்.

புதிய கார்களில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக்கும், வழுக்கலை உணர்ந்து சமாளிக்கும் கருவிகளும் வந்துவிட்டன. நல்லவைதாம். ஆனால் பிடிப்பே இல்லாத இடத்தில் எந்தக் கருவியாலும் பிடிப்பை உண்டாக்க முடியாது. டயரும் நிதானமும் உள்ளவனே பனிக்காலத்தில் பத்திரமாக வீடு திரும்புவான்.

அடுத்த இதழில் சந்திப்போம்.