டோக்கன் போனால் சைக்கிளும் போச்சு!

(மூன்றாம் ஆண்டு, மின்னியல் துறை)

மின்னியல் படிக்கிறவன் குக்கீயைப் பற்றி எழுதுவதா என்று கம்ப்யூட்டர் துறை நண்பர்கள் சண்டைக்கு வர வேண்டாம். இது எல்லார் தலையிலும் விடியப்போகிற விஷயம்!

செயற்கை நுண்ணறிவு இப்போது பேசுவதோடு நிற்கவில்லை. 2025-ல் பெர்ப்ளெக்சிட்டியின் காமெட், ஓப்பன்ஏஐ-யின் அட்லஸ் என்று பிரவுசரே ஏஜென்டாக வந்துவிட்டது. "மெயிலைப் பார்த்து இன்டர்வியூ தேதியைக் குறிச்சு வை" என்றால் நம் இடத்தில் உட்கார்ந்து அதுவே கிளிக் பண்ணுகிறது. நல்லதுதான். ஆனால் நம் மெயிலுக்குள் அது எப்படி நுழைந்தது? பாஸ்வேர்டு கேட்கவில்லை, ஓ.டி.பி.யும் வரவில்லையே!

அங்கேதான் குக்கீ இருக்கிறது. 1994-ல் நெட்ஸ்கேப் கம்பெனியில் லூ மாண்டுல்லி என்ற இன்ஜினியர் உண்டாக்கியது. இணையதளத்துக்குச் சொந்தமாக ஞாபகசக்தி கிடையாது. ஒவ்வொரு கிளிக்கும் அதற்குப் புது ஆள். அதனால் நாம் லாகின் ஆனதும் ஒரு நீளமான எண்ணைப் பிரவுசரிடம் கொடுத்து வைக்கும். அடுத்த முறை அதைக் காட்டினால் போதும். சைக்கிள் ஸ்டாண்ட் டோக்கன் மாதிரிதான்! யாரு டோக்கனைக் கொண்டாந்தாலும் வண்டி அவங்களுக்கு. (எங்க ஊர் ஸ்டாண்ட் அண்ணன் முகத்தையும் ஒருமுறை பார்ப்பார். சர்வர் பெரும்பாலும் பார்ப்பதில்லை.)

பாஸ்வேர்டு திருடு போனால் ஓ.டி.பி. காப்பாற்றும். குக்கீ திருடு போனால் அதுவும் காப்பாற்றாது. ஓ.டி.பி.யைத் தாண்டிய பிறகு கிடைத்த டோக்கன் அல்லவா அது! 2023 மார்ச்சில் லைனஸ் டெக் டிப்ஸ் என்ற யூடியூப் சேனல் பறிபோனது இப்படித்தான். ஸ்பான்சர் கடிதம் போல வந்த கோப்பைத் திறந்தார்கள், டோக்கன் போய்விட்டது. ஒன்றரைக் கோடி சந்தாதாரர்கள், கம்ப்யூட்டரே தொழில்!

"ஏஜென்ட் என்ன திருடனா?" என்று கேட்பீர்கள். இல்லை, வெகுளி. எஜமான் சொன்னது எது, வழியில் எவனோ எழுதி வைத்தது எது என்று அதற்கு நிச்சயமாகப் பிரிக்கத் தெரியாது. 2025 ஆகஸ்டில் பிரேவ் நிறுவனத்தார் காமெட்டை வைத்து இதைச் சோதித்துக் காட்டினார்கள். ரெடிட் பக்கம் ஒன்றின் கமென்டில் கட்டளையை ஒளித்து வைத்தார்கள். "இந்தப் பக்கத்தைச் சுருக்கிச் சொல்" என்றதும் ஏஜென்ட் ஜிமெயிலுக்குப் போய், ஓ.டி.பி.யைப் படித்து, அந்தக் கமென்டுக்கே பதிலாக எழுதிவிட்டது! இப்படிப்பட்ட ஏமாற்றை முழுவதும் ஒழிப்பது கடினம் என்று அதே ஆண்டு டிசம்பரில் ஓப்பன்ஏஐ-யே எழுதியது.

எங்கள் வீட்டில் படிக்கப் புறப்பட்ட முதல் ஆள் நான். அப்பாவின் பேங்க் ஸ்டேட்மென்ட், அம்மாவின் குழுக் கணக்கு, தங்கச்சியின் ஸ்காலர்ஷிப் பாரம் எல்லாமே என் ஒரே மெயிலில்தான். "தம்பி பாத்துக்குவான்" என்பார் அப்பா. உங்களில் பல பேர் வீட்டிலும் இதே கதைதானே? நாலு பேருடைய டோக்கன் ஒரே பாக்கெட்டில்! அது போனால் பேங்க் வாசலில் நிற்க அப்பாவுக்கு ஒரு நாள் கூலியும் சேர்ந்து போகும்.

அதுக்காக ஏஜென்டைத் தொடவே வேண்டாம் என்கிறவர்கள் கட்சி நான் இல்லை. பாரம் நிரப்பத் தெரியாமல்தான் நம் ஜனங்கள் பிரவுசிங் சென்டரில் காசும் கொடுத்து ஓ.டி.பி.யையும் சொல்லிவிட்டு வருகிறார்கள். தமிழில் சொன்னால் நிரப்பித் தருகிற இயந்திரம் யாருக்கு அதிகம் வேண்டும்? நமக்குத்தான்!

லேபில் ஆட்டோ டிரான்ஸ்பார்மரை ஜீரோவில் வைத்துவிட்டுத்தானே சுவிட்சைப் போடுகிறோம்? இங்கேயும் அப்படியே. லேப்டாப்பில் குரோமில் தனியாக ஒரு புரொஃபைல் திறங்கள். அதன் குக்கீகள் தனி. அதில் புதிதாக ஒரு மெயில் ஐ.டி., வேலைக்கு வேண்டிய ஒரே ஒரு தளத்தின் லாகின், அவ்வளவுதான். பேங்க் கூடாது. அதைவிட முக்கியம், பழைய மெயில் கூடவே கூடாது! நெட் பேங்கிங் சில நிமிடத்தில் தானாக வெளியே தள்ளிவிடும். மெயிலோ மாதக்கணக்கில் திறந்தே கிடக்கும். "பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?" என்று எந்தத் தளத்தில் அழுத்தினாலும் கடிதம் பெரும்பாலும் அங்கேதான் வரும். கம்ப்யூட்டர் முழுவதையும் ஆளுகிற ஏஜென்டாக இருந்தால் தனி புரொஃபைல் போதாது, தனி யூசர் கணக்கே வேண்டும்.

"அனுப்பலாமா?" என்று ஏஜென்ட் கேட்குமே என்பார்கள். பத்தாவது முறை கேட்கும்போது நம்மில் எவன் படித்துப் பார்த்து ஓகே அழுத்துகிறான்?

வேலை முடிந்ததும் ஜன்னலை மூடினால் போதாது, லாக் அவுட் செய்ய வேண்டும். டோக்கன் ஸ்டாண்டிலேயே ரத்தாவது அப்போதுதான். நம் லேபில் யாரோ ஒருவருடைய மெயில் திறந்தபடியே கிடப்பதைத் தினமும் பார்க்கிறேன். புதிதாக வரும் முதலாம் ஆண்டு தம்பி தங்கைகளுக்கு மாணவர் மன்றம் ஒரு சனிக்கிழமை மதியம் இதைச் செய்து காட்ட ஏற்பாடு செய்ய வேண்டும். புரொஃபைல் திறந்து காட்டுகிற வேலைக்கு நான் தயார்.