தந்தையின் கதையை முடித்துவைத்தவன்

டிம் பர்ட்டன் இயக்கி 2003-இல் வெளியான 'பிக் ஃபிஷ்' திரைப்படத்தைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம், கதைகளின் மகத்துவத்தைக் கொண்டாடும் படம் என்ற ஒற்றை வரியோடு உரையாடல் முடிந்துவிடுகிறது. டேனியல் வாலஸ் 1998-இல் எழுதிய நாவலிலிருந்து உருவான இப்படத்தை அவ்வளவு எளிதாகக் கடந்துவிட நம்மால் இயலவில்லை. அதன் மையத்தில் இருப்பது கொண்டாட்டம் அன்று. ஒரு மகனின் ஆறாத மனக்குறை.

அலபாமாவின் சிற்றூரில் பிறந்த எட்வர்ட் புளூம் ஊர் ஊராய்ச் சென்று பொருள் விற்பவர். வீடு திரும்பும்போதெல்லாம் ராட்சதன் கார்லையும், பார்ப்பவரின் சாவைத் தன் கண்ணாடிக் கண்ணில் காட்டும் சூனியக்காரியையும் கதைகளாகக் கொண்டுவருவார். மகன் வில் செய்தியாளன். தகவலைச் சரிபார்ப்பது அவன் தொழில். அவன் பிறந்த நாளில் திருமண மோதிரத்தை இரையாக்கி மாபெரும் மீனொன்றைப் பிடித்த கதையை அவனுடைய திருமண விருந்திலும் தந்தை சொல்ல, மூன்றாண்டுகள் இருவருக்கும் பேச்சில்லை. தந்தையின் மரணப்படுக்கையே அவனை வீட்டுக்கு அழைத்துவருகிறது.

வில்லின் கோபத்தை நாம் எளிதில் புறந்தள்ளலாகாது. கதை கொடையாகவும் இருக்கலாம், திரையாகவும் இருக்கலாம். குடும்ப மருத்துவர் நடந்ததைச் சொல்கிறார்: மகன் பிறந்த அன்று எட்வர்ட் விற்பனை நிமித்தம் விச்சிட்டாவில் இருந்தார்; பிரசவம் சிக்கலின்றி முடிந்தது. அவ்வளவே. அந்த மாபெரும் மீன், தந்தை அருகில் இல்லாத ஓர் இடத்தை நிரப்ப வந்த மீன் என்று நாம் வாசிக்கிறோம். அதைச் சொல்லிச் சொல்லி அவர் மறைத்தது பொய்யை அன்று, வருத்தத்தை.

படத்தின் உச்சம் மருத்துவமனை அறையில் நிகழ்கிறது. சூனியக்காரியின் கண்ணில் தன் சாவைக் கண்டதாகச் சொல்லிவந்த எட்வர்ட், அது எப்படி நிகழும் என்பதை மட்டும் மகனிடம் சொன்னதே இல்லை. இப்போது அதைச் சொல்லும்படி மகனையே கேட்கிறார். தயங்கித் தொடங்கும் வில், அவரை மருத்துவமனையிலிருந்து தப்பச்செய்து, கதைமாந்தர் அனைவரும் கூடி நிற்கும் ஆற்றங்கரைக்குத் தூக்கிச் செல்கிறான். நீரில் இறங்கும் தந்தை பெருமீனாகிறார். உண்மை கேட்டு வந்தவன், தந்தையின் மொழியை ஏற்று அவர் கதையை முடித்துவைக்கிறான். புரிந்துகொள்ளல் என்பது இங்கே ஒரு முடிவுக்கு வருதல் அன்று, ஒரு செயல்.

அதனாலேயே அடுத்து வரும் இறுதிச்சடங்குக் காட்சியோடு நமக்குப் பிணக்கு. ராட்சதன் சற்றே மிக உயரமான மனிதனாக வருகிறான். ஒட்டிப்பிறந்தவர்களாகச் சொல்லப்பட்ட பாடகிகள் தனித்தனி உடல்கொண்ட இரட்டையராக வருகிறார்கள். நெகிழ்ச்சியான காட்சிதான். ஆயினும் தந்தை முழுப்பொய்யர் அல்லர் என்று சாட்சிகளை வரிசையில் நிறுத்துவதன் மூலம், வில் கைவிட்டுவந்த அதே சரிபார்ப்பைப் படம் மீண்டும் தொடங்கிவிடுகிறது. ஒருவரும் வந்திராவிட்டால் அம்மகன் தந்தையை மன்னித்திருக்க மாட்டானா? மன்னித்திருப்பான் என்பதை மருத்துவமனைக் காட்சி ஏற்கெனவே சொல்லிவிட்டது.

ஒரே கதையை ஆயிரம் முறை சொன்ன தந்தையரை நம்மில் பலர் பாதியிலேயே இடைமறித்திருக்கிறோம். முடிவு தெரியும் என்ற எரிச்சல் நமக்கு. அந்தக் கதை எந்த நாளைச் சுற்றி வருகிறது, அந்நாளில் அவர் எங்கே இருந்தார் என்று கேட்டிருக்கலாம் எனப் படம் முடிந்தபின் தோன்றியது.