குடம் சுமந்தவர்களின் கோட்டை

நாமக்கல் மலைக்கோட்டையைப் பற்றி நம்மவரிடம் கேட்டால், சேந்தமங்கலத்து இராமச்சந்திர நாயக்கர் கட்டியது, திப்பு சுல்தான் ஆண்டது என்று ஒரே மூச்சில் விடை வரும். சங்ககிரியைக் கேட்டால், 1805-இல் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்ட இடம் என்பர். இவை போதும் என்று நாம் மனநிறைவு கொள்வதுதான் குறை. கோட்டை என்றால் அரசனும் முற்றுகையும் மட்டுமே என்று நம் பிள்ளைகளுக்குக் கற்பித்து வருகிறோம். இது அரைகுறைக் கல்வி மட்டுமன்று. அநீதியான கல்வியும் ஆகும்.

எண்ணிப் பாருங்கள். நம் பகுதி மைசூருக்கும் கர்நாடகச் சமவெளிக்கும் இடைப்பட்ட எல்லை நிலமாய் இருந்தது. 1768-இல் ஆங்கிலேயர் நாமக்கல்லைப் பிடித்தனர். சில மாதங்களில் ஐதர் அலி அதை மீட்டார். 1792-இல் சீரங்கப்பட்டின உடன்படிக்கையின்படி நாமக்கல்லும் சங்ககிரியும் கும்பினியார் வசமாயின. இடைப்பட்ட 24 ஆண்டுகளில் பீரங்கி முழங்கிய நாட்கள் எத்தனை? மிகச் சிலவே. எஞ்சிய நாட்களிலெல்லாம் கோட்டைக்குள் மனிதர் உண்டனர், உறங்கினர், காவல் நின்றனர், காத்துக் கிடந்தனர். அந்த நாட்களைப் பற்றி நாம் ஒரு சொல்லும் பேசுவதில்லை.

நாமக்கல் பாறை ஏறக்குறைய 200 அடி உயரம். உச்சியிலுள்ள சமதளம் ஒன்றரை ஏக்கர். பாறையில் வெட்டிய படிகளே வழி. சங்ககிரியோ அதனினும் பன்மடங்கு உயரம். சரிவெங்கும் மதிலுக்கு மேல் மதில், வாயிலுக்கு மேல் வாயில். இத்தகைய இடத்தில் ஒரு காவற்படை நிலைக்க வேண்டுமெனில் தானியமும் உப்பும் விறகும் வெடிமருந்தும் யாரோ ஒருவர் தலையிலோ தோளிலோ ஏறித்தான் மேலே சென்றாக வேண்டும். மழைநீர் தேங்கும் சுனைகளைத் தூர்வார ஆள் வேண்டும். பீரங்கிக்கு அசையாத மதிலும் தாகத்துக்கு முன் நில்லாது. அப்படியாயின் கோட்டையைக் காத்தவர் யார்? தளபதி மட்டும்தானா? குடம் சுமந்தவருக்கு அதில் பங்கில்லையா?

“அவர்களைப் பற்றிச் சான்றுகள் இல்லையே” என்பர் சிலர். பெயர்கள் இல்லைதான், சான்றுகள் உண்டு. படிகள் சான்று, சுனைகள் சான்று. நாமக்கல் உச்சியில் பெருமாள் கோயிலும் தர்காவும் ஒரே மதிலுக்குள் நிற்பது சான்று. வெவ்வேறு நம்பிக்கையினர் அந்த ஒன்றரை ஏக்கரில் மன்றாடினர் என்பதை அக்கற்கள் சொல்கின்றன. கேட்கச் செவிதான் வேண்டும்.

“அன்றாட வாழ்க்கை அற்பமானது, அதில் வரலாறு ஏது?” என்பர் வேறு சிலர். இவர்களுக்கு வேலூர்க் கோட்டை விடை சொல்லும். அங்கிருந்த சிப்பாய்கள் நெற்றிக்குறியும் காதணியும் அணியலாகாது, தாடியை மழிக்க வேண்டும், புதிய தலைப்பாகை அணிய வேண்டும் என்று ஆணை பிறந்தது. மேலதிகாரிகளுக்கு இவை அற்பம். மறுத்தவர்களுள் இந்து ஒருவரும் இசுலாமியர் ஒருவரும் கசையடி பெற்றுப் பணியிலிருந்து நீக்கப்பட்டனர். 1806 சூலை 10 அதிகாலையில் அந்த ‘அற்பம்’ தீயாய் மூண்டு, இருதரப்பிலும் நூற்றுக்கணக்கானோரைப் பலிகொண்டது. எளியவனின் அன்றாடத்தை அறியாத அதிகாரம் தன் கோட்டைக்குள்ளேயே தோற்றது.

திருநூல் இவ்வகையில் நமக்குக் காட்டும் நெறி வேறு. எருசலேம் மதில் மீண்டும் எழும்பிய வரலாற்றைச் சொல்லும் நெகேமியா நூல், தன் மூன்றாம் அதிகாரம் முழுவதையும் வேலை செய்தோர் பட்டியலுக்கே ஒதுக்குகிறது. பொற்கொல்லர் வருகின்றனர், நறுமணப் பொருள் செய்வோர் வருகின்றனர், தந்தையோடு நின்று மதிலைச் செப்பனிட்ட புதல்வியரும் வருகின்றனர். தெக்கோவாவின் மேன்மக்கள் மட்டும் கழுத்து வளைத்து உழைக்க முன்வரவில்லை என்பதும் மறைக்கப்படவில்லை. சுமந்தவனையும் சுமக்க மறுத்தவனையும் பதிவு செய்யும் இந்த நேர்மை நம்மிடம் உண்டா?

நம் பங்குகளின் யூபிலி மலர்களைப் புரட்டுங்கள். அடிக்கல் நாட்டியவர் படம் இருக்கும். நன்கொடையாளர் பட்டியல் இருக்கும். மண் சுமந்த பெண்களும், சுண்ணாம்பு அரைத்த கைகளும், நடந்தே ஊர் ஊராய்ச் சென்ற உபதேசியாரும் எந்தப் பக்கத்தில்? மோகனூர்ச் சர்க்கரை ஆலையின் வரலாற்றை நாளை எழுதுவோர் கரும்பு வெட்டிய கைகளை மறந்தால் நாம் சினப்படுவோம். அச்சினத்துக்கு உரிமை வேண்டுமெனில், முதலில் நம் ஏடுகளைத் திருத்துவோம்.

அடுத்த முறை மறைக்கல்விப் பிள்ளைகளைக் கோட்டைக்கு அழைத்துச் செல்வோர், பீரங்கி மேட்டுக்குச் செல்லுமுன் சுனையருகே சற்று நிறுத்துங்கள். “இந்தப் படிகளில் குடத்தோடு நாள்தோறும் எத்தனை முறை ஏறியிருப்பார்கள்?” என்று கேளுங்கள். மூச்சு வாங்க ஏறிவந்த பிள்ளைகளுக்கு விடை தெரிந்திருக்கும்.