மளிகைச் சரக்கில் புகைக் கணக்கு! பார்த்து வாங்குவார்களா மக்கள்?

இங்கிலாந்தில் 2008-ம் ஆண்டு கடைக்குப் போனவர்களுக்கு ஓர் ஆச்சரியம். ஆரஞ்சு ஜூஸ், உருளைக்கிழங்கு, சலவைத் தூள் எல்லாவற்றிலும் கறுப்புக் காலடி முத்திரை! சரக்கைத் தயாரிப்பது முதல் பயன்படுத்தித் தூக்கியெறிவது வரை எத்தனை கிராம் கரியமில வாயு வெளியாகிறது என்று அதில் அச்சாகியிருந்தது.

70 ஆயிரம் சரக்குக்கும் இந்த முத்திரை வரும் என்று 2007-ல் அறிவித்தது டெஸ்கோ கம்பெனி. 2012-ல் கைவிட்டது. அதுவரை ஒட்டியது சுமார் 500 சரக்குக்குத்தான். ஒரு சரக்குக்குக் கணக்குப் போடவே மாதக்கணக்கில் ஆயிற்றாம். அந்த வேகத்தில் போனால் முழுசும் ஒட்ட 500 வருஷத்துக்கு மேல் பிடிக்கும்! போட்டிக் கடைகளும் பின்தொடரவில்லை.

பல்பு கணக்கு

இத்தனை கிராம் என்றால் அதிகமா, கொஞ்சமா? சாமானியருக்கு எப்படிப் புரியும்? இதைத்தான் அமெரிக்க, ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் சோதித்து 2019-ல் வெளியிட்டார்கள். சூப் டப்பாவில் கிராமோடு, அது எத்தனை நிமிஷம் பல்பு எரிவதற்குச் சமம் என்றும் எழுதினார்கள். பார்த்தவர்கள் மாட்டிறைச்சி சூப்பைக் குறைத்து, காய்கறி சூப் பக்கம் திரும்பினார்கள். வீட்டுக் கணக்கில் சொன்னால் காதில் ஏறுகிறது!

ஆனால் அது ஆராய்ச்சி. அசல் கடையில் பக்கத்திலேயே விலைச் சீட்டும் தொங்குகிறதே? மாசச் சம்பளக்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

ஆளுக்கு ஏற்ற தகவல்

இப்போது தகவல் செல்போனுக்கே வந்துவிட்டது. பிரான்சில் 2017-ல் தொடங்கிய யூகா என்ற ஆப்பில் பார்கோடைக் காட்டினால் 100-க்கு இத்தனை என்று மார்க் போடும். சரக்கு மோசமென்றால் வேறொன்றைச் சிபாரிசு செய்யும். பணம் கட்டி, பாமாயில் வேண்டாம் என்று சொல்லி வைத்தால் அதையும் பார்த்து எச்சரிக்கும். 2021 முதல் சுற்றுச்சூழலுக்கும் தனி மார்க்.

வேடிக்கை என்னவென்றால், இதில் பயந்தது சரக்குத் தயாரித்தவர்கள்! மார்க் குறைகிறதே என்று இன்டர்மார்ஷே என்ற பிரெஞ்சுக் கடைக் கம்பெனி, 142 ரசாயனச் சேர்க்கைகளை நீக்க 900 சரக்குகளின் தயாரிப்பு முறையை மாற்றுவதாக 2019-ல் அறிவித்தது. அந்தக் கடையில் செல்போனைத் தொடாத கிழவிக்கும் மாறிய பிஸ்கட்தான் கிடைக்கும்.

ஆனால் அது உடம்புக்கான மார்க். புகைக் கணக்குக்கு அப்படி எந்தக் கம்பெனி பயப்படும்? மாட்டிறைச்சி சூப்பில் மாட்டிறைச்சியை எடுத்துவிட்டு விற்க முடியுமா?