ஹெரால்டுக்கும் எனக்கும் ஐந்து வருடக் கெடு

எங்கள் வீட்டு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு 1970ஆம் வருடத்து வண்டி. வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் ஆலையில் செய்தது, அப்பா வாங்கியது. இந்த வருடம் அதன் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். 2022 மார்ச் வரை 600 ரூபாயாக இருந்த கட்டணம் அந்த ஏப்ரலில் 5,000 ஆயிற்று. 2025 ஆகஸ்டில், 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000 என்று ஏற்றிவிட்டார்கள். பசுமை வரி தனி.

"வின்டேஜ் பதிவுக்கு மாத்திடுங்க சார்" என்றார் நண்பர் ஒருவர். 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதி அது. 50 வயது தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் பழைய உருவிலேயே இருக்கும் வண்டிகளுக்கு உண்டு. கேட்க மரியாதையாகத்தான் இருந்தது. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சிக்குப் போகலாம், பழைய கார் ஊர்வலத்துக்குப் போகலாம், பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் போகலாம். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகலாமா என்று என் மனைவி கேட்டாள். பெட்ரோல் பங்க் கோயிலுக்குப் பக்கத்தில் இருந்தால் போகலாம் என்றேன்.

பொன்னாடை போர்த்தி மூலையில் உட்காரவைப்பது என்பது இதுதான். ஓய்வு பெற்றவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

அதற்காகப் புகைச் சோதனையே வேண்டாம் என்று சொல்பவன் அல்ல நான். கார்புரேட்டர் வண்டி சரியாக ட்யூன் செய்யாவிட்டால் நஞ்சைத்தான் கக்கும். ஒரு முறை காலையில் இன்ஜின் சூடாகும் முன்பே, சோக்கை இழுத்தபடி, சோதனை நிலையத்துக்குப் போய்விட்டேன். சைலன்ஸரில் குழாயைச் செருகினார்கள். இந்த வயது வண்டிக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரை இருக்கலாம். அன்றைக்கு அதைத் தாண்டிவிட்டது. "விடுங்க சார், சர்டிபிகேட் போட்டுடறேன்" என்றான் பையன். வேண்டாம் என்று திரும்பி வந்து, மெக்கானிக்கிடம் மிக்ஸ்சர் ஸ்க்ரூவைச் சரிசெய்து, பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் போனேன். தேறியது. ஆறு மாதத்துக்கொரு முறை இந்தச் சோதனையை ஒழுங்காகச் செய்தாலே பாதிக் கவலை தீரும். கெடுபிடி வேண்டியது அங்கேதான்.

என் கோரிக்கை சின்னது. வின்டேஜ் வண்டிக்கு வருடத்துக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர் என்று வரம்பு வைக்கட்டும், மீட்டரைப் பார்த்துக்கொள்ளட்டும், புகையில் தேறாவிட்டால் நிறுத்தட்டும். அந்த வரம்புக்குள் கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ எங்கே போகிறேன் என்று கேட்க வேண்டாம். ஓடாமல் நிற்கிற காரில் ரப்பர் காய்ந்து வெடிக்கும், பிரேக் பிடித்துக்கொள்ளும், டாங்க் துருப்பிடிக்கும். ஓட்டினால்தான் அது கார்.

55 வயதுக்கு மேல் எடுத்தால் ஓட்டுநர் உரிமமும் ஐந்து வருடத்துக்குத்தான். என்னையும் டாக்டர் சோதித்துத்தான் கையெழுத்துப் போடுகிறார்; தேறினால் எங்கே வேண்டுமானாலும் ஓட்டலாம் என்கிறார்கள்.

ஆகவே பழைய பதிவிலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்து 10,000 ரூபாயை எடுத்து வைத்துவிட்டேன். கார்புரேட்டர் இப்போது மெக்கானிக்கிடம் இருக்கிறது. வியாழக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்.